பதினோரு கோணல் ஆணிகள்

கடுகுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு சிவக்கும். மூக்கும் சிவந்துவிட்டது என்றால் வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு வேலையை நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

அவளுக்குப் பத்து வயது. வகுப்பிலேயே குள்ளம். "கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்று சொல்லி அப்பா வைத்த பட்டப்பெயர் அது. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. பெயர் அப்படியே இருந்தது. காரம்தான் இரண்டு மடங்காகியிருந்தது.

எல்லார் மேலும் கோபம். சட்டைப் பொத்தான் மேல் கோபம். "பாவம், அப்பா இல்லாத பொண்ணு" என்று தலையைத் தடவுகிறவர்கள் மேல் பெரிய கோபம். இப்போது மாமா மேல்.

மாமா அம்மாவின் தம்பி. கடைச் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி ஓட்டுகிறார். எப்போதும் அவசரம். சாப்பிடும்போதுகூட ஒரு கால் செருப்புக்குள்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் இரண்டு நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தார், வீட்டின் முன்வேலியை மாற்றிக் கொடுக்க.

மாற்றத்தான் வேண்டும். அது கடுகுக்கும் தெரியும். வேலியின் மரக்கால்கள் அடியில் மக்கி, தொட்டால் ஆடின. போன வாரம் அவளுடைய இரண்டு வயதுத் தம்பி உருண்டை, சாய்ந்த கால்களுக்கு நடுவே புகுந்து, பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்கே போய்விட்டான். லாரி போட்ட பிரேக் சத்தம் அடுத்த தெருவரை கேட்டது. அன்று முழுக்க அம்மா அவனை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொடிக்காரர் வந்தார். உண்மையில் அவருக்கு வேறு என்னவோ பதவிப் பெயர் இருந்தது. தரையைத் தோண்டுவதற்கு முன்னால் சொல்லி அனுப்பினால், மண்ணுக்குள் மின்சார வயர் எங்கே போகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துக் குறி போட்டுவிட்டுப் போவார். அம்மாதான் போன் செய்து வரச் சொல்லியிருந்தாள்.

"நாலு குழி தோண்ட இவ்வளவு சடங்கா?" என்று மாமா முணுமுணுத்தார்.

கொடிக்காரர் கையில் நீளமான ஒரு கருவி இருந்தது. அதைத் தரைக்கு மேலே ஆட்டிக்கொண்டே நடந்தார். கீழே வயர் இருந்தால் அது 'கீய்ய்ய்' என்று கத்தியது. கத்திய இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, ஒரு சின்னச் சிவப்புக் கொடியைக் குத்தினார். தண்ணீர்க் குழாய்க்கு நீலக் கொடி. கடுகு அவர் பின்னாலேயே போனாள்.

சுவரில் இருந்த மீட்டர் பெட்டியிலிருந்து சாலையைப் பார்த்து நேராக நடந்தவர், பாதி வழியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இடது பக்கம் திரும்பினார்.

"ஏன் அண்ணா வளைஞ்சு வளைஞ்சு போறீங்க?"

"நான் எங்க வளையறேன்? வயர் வளையுது. அது போற வழியிலதான் நான் போகணும்."

"நேரா போட்டிருக்கலாமே?"

"போட்டவங்களைத்தான் கேக்கணும். அப்ப இந்த இடத்துல ஒரு மரம் இருந்திருக்கும், சுத்திக்கிட்டுப் போயிருப்பாங்க. மரம் போயிடும். வயர் வளைஞ்சது வளைஞ்சதுதான்."

ஐந்தாவது சிவப்புக் கொடி வேலியின் மூன்றாவது காலுக்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல் நின்றது.

"இந்தக் கால்கிட்ட ரொம்பக் கவனம்" என்று கொடிக்காரர் மாமாவைப் பார்த்துச் சொன்னார். "பெயிண்ட் மழைக்கு நிக்காது. கொடிதான் நிக்கும். யாரும் தொடக் கூடாது. கொடிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டடிக்குள்ள கடப்பாரையே இறங்கக் கூடாது. கைக்கரண்டியால மண்ணைச் சுரண்டித்தான் எடுக்கணும். புரிஞ்சுதா?"

"சரி, சரி" என்றார் மாமா, போனைப் பார்த்தபடியே. முதல் 'சரி'யே காதில் வாங்காமல் சொன்னது. இரண்டாவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கொடிக்காரர் போன பிறகு, மாமா வேலியைச் சுற்றி வந்தார். மூன்றாவது காலை ஓர் உதை உதைத்தார்.

"என்னது இது? கால் முழுக்கக் கோணல் ஆணி! எந்த மடையன் அடிச்சது?"

அந்த மடையன் கடுகுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா அந்த வேலியைப் போட்டபோது சுத்தியலை அவள் கையில் கொடுத்தார். பதினோரு ஆணி அடித்தாள். பதினொன்றும் வளைந்து படுத்துக்கொண்டன. அப்பா ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. "பாரு, இந்தக் காலுக்கு மீசை முளைச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அது மீசைக்கால்.

"எல்லாத்தையும் புடுங்கி அடுப்புல போட வேண்டியதுதான்" என்றார் மாமா.

கடுகின் காது சிவந்தது. "அது எங்கப்பா நட்டது. அதைத் தொடக் கூடாது!"

"மக்கிப்போனதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? மாலை போட்டுக் கும்பிடறதா?"

மூக்கு சிவந்தது. "தொடக் கூடாதுன்னா தொடக் கூடாது!"

"அக்கா! உன் பொண்ணு ஆள் அரை முழம், வாய் ஏழு முழம்!" என்று மாமா வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார்.

அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலையிலிருந்து போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் முகமும் கசங்கித்தான் இருந்தது. "கடுகு, உள்ள வா" என்றாள். அவ்வளவுதான். மாமாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடுகு உள்ளே போகவில்லை. மாமா கடைக்குப் போகும்வரை காத்திருந்தாள். போனதும் வாசலுக்கு ஓடினாள்.

கொடி இல்லாவிட்டால் தோண்ட மாட்டார்கள். தோண்டாவிட்டால் மீசைக்கால் இருக்கும். அவ்வளவுதான் அப்போது அவள் புத்திக்கு எட்டிய கணக்கு. சிவப்பு, நீலம் என்று பார்க்கவில்லை. எல்லாக் கொடிகளையும் விருட் விருட்டென்று பிடுங்கி, குழாயடியில் கிடந்த பழைய வாளிக்குள் போட்டாள். கடைசிக் கொடியைப் பிடுங்கும்போது அழுகை வந்தது. அதற்கும் கோபம் வந்தது.

இரவு நல்ல மழை. காலையில் பார்த்தால் பெயிண்ட் இருந்த சுவடே இல்லை.

"அடச்சே!" வாளியைக் கையில் வைத்துக்கொண்டு மாமா நின்றார். "இந்தத் தெருநாய் வேலையைப் பாரு! அத்தனையும் புடுங்கிப் போட்டிருக்கு!"

கொடியைப் பிடுங்கி வாளிக்குள் போடும் நாயை உலகத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா? ஆனால் அவசரக்காரருக்கு அதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது? நாயோ, தன் பெயர் அடிபடுகிறது என்று தெரிந்து சந்தோஷமாக வாலை ஆட்டியது. கடுகு பழியை நாய் மேலேயே விட்டுவிட்டாள்.

"கொடிக்காரரை மறுபடியும் கூப்பிடலாமே மாமா" என்றாள் மெதுவாக.

"கூப்பிட்டா இன்னைக்கே வந்துடுவாரா? இன்னையோட என் லீவு முடியுது. எங்கெங்க நட்டிருந்தாருன்னு எனக்குத் தெரியாதா?"

நீலக் கொடிகளைக் குத்துமதிப்பாக நட்டுவிட்டு, மாமா மீட்டர் பெட்டியிலிருந்து சாலைவரை சிவப்புக் கொடிகளை வரிசையாக நட்டார். நட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து அழகு பார்த்தார். அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது.

கடுகுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அப்பாடா, யாருக்கும் தெரியாமல் போயிற்று. பிறகுதான் அந்த நேர்கோடு கண்ணை உறுத்தியது.

நேற்று அது நேராக இல்லையே.

ஒன்பது மணிக்குக் குழிக்காரம்மா வந்தார். வேலிக்குக் குழி தோண்டுவதுதான் அவர் தொழில். தோளில் அவரைவிட உயரமான கடப்பாரை. கடுகைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"என்ன பாப்பா, மூஞ்சி ஏன் தக்காளி மாதிரி இருக்கு? இந்தக் கடப்பாரைக்கு அடுத்தபடியா கனமா இருக்கறது உன் முகம்தான்."

கடுகுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அது வேறு கஷ்டமாகிவிட்டது.

குழிக்காரம்மா வேலை தெரிந்தவர். கடப்பாரையைத் தரையில் வைப்பதற்கு முன்னால் கொடிகளைப் பார்த்தார். "சார், இந்தக் கொடியெல்லாம் அவங்க வந்து நட்டதுதானே?"

"ஆமா, ஆமா. நேத்துதான் வந்து நட்டுட்டுப் போனாங்க" என்றார் மாமா, கண் சிமிட்டாமல்.

பொய்! கடுகின் காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. ஆனால் அந்தப் பொய்க்குக் கீழே அவளுடைய பொய்யும் இருந்ததே. 

முதல் குழி முடிந்தது. இரண்டாவது குழி முடிந்தது. கடப்பாரை 'ணங், ணங்' என்று இறங்கும்போதெல்லாம் கடுகு ஓர் அடி முன்னால் நகர்ந்தாள்.

மூன்றாவது, மீசைக்கால். குழிக்காரம்மா இரண்டு ஆட்டு ஆட்டினார். ஆடுகிற பல் மாதிரி கையோடு வந்துவிட்டது. மாமா அதை வாங்கி, பழைய கால்களின் குவியலில் வீசினார்.

நேற்றென்றால் கடுகு அந்தக் குவியலை நோக்கி ஓடியிருப்பாள். இன்று அவள் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒன்றரை அடிதான் இருக்கு" என்றார் குழிக்காரம்மா.

"அதான் ஆடியிருக்கு. மூணடி வேணும். இறக்குங்க."

குழிக்காரம்மா எட்டிப் பார்த்தார். மாமா நட்ட சிவப்புக் கொடி ஆறடி தள்ளி நின்றது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு, கடப்பாரையைத் தூக்கினார்.

"அத்தை! வேண்டாம்!" என்று கடுகு கத்தியதும் குழிக்காரம்மா கடப்பாரையைத் தாழ்த்தினார்.

"ஆரம்பிச்சுட்டா!" மாமா தலையில் அடித்துக்கொண்டார். "அந்த உளுத்துப்போன காலுக்காக நேத்துல இருந்து இதே கூத்து. நீங்க போடுங்கம்மா."

நேற்று அவள் கத்திய கத்தல் இன்று அவளுக்கே குறுக்கே வந்து நின்றது. இனி எவ்வளவு சத்தம் போட்டாலும் அது மீசைக்காலுக்கான சத்தமாகத்தான் கேட்கும். இது கடுகுக்குப் பளிச்சென்று புரிந்தது.

ஓடினாள். கடப்பாரை மறுபடி மேலே ஏறுவதற்குள், இரண்டு காலையும் குழிக்குள் தொங்கவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி!" என்று மாமா கத்தினார்.

"எந்திரிக்க மாட்டேன்! கொடியைப் புடுங்கினது நாய் இல்ல. நான்தான்! கோபத்துல நான்தான் எல்லாத்தையும் புடுங்கிப் போட்டேன்! இதெல்லாம் மாமா காலையில நட்டது. தப்பா நட்டிருக்காரு. வயர் இங்க வளையுது. இந்தக் குழிக்குப் பக்கத்துல வருது. நான் பார்த்தேன்!"



"அடிப்பாவி" என்றார் மாமா. பிறகு, "எவனாவது வயரை வளைச்சுப் போடுவானா? எல்லாம் கதை!" என்றார். ஆனால் குரல் முன்போல் இல்லை.

குழிக்காரம்மா கடப்பாரையை மெதுவாகக் கீழே படுக்க வைத்தார். தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தினார். பிறகு நிமிர்ந்தார். இதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம் அது என்று யாரும் சொல்ல முடியாது.

"சார். நான் கேட்டேன்ல? அவங்க நட்டதுதானேன்னு வாயைத் திறந்து கேட்டேன்ல? ஆமான்னீங்களே! எனக்கு வீட்டுல ரெண்டு பிள்ளைங்க சார். இந்தக் கடப்பாரை இரும்பு. பிடிச்சிருக்கற கை என்னோடது, உங்களோடது இல்ல!"

"இல்லம்மா, மெயினை வேணும்னா அணைச்சுடறேன்..."

"ஒண்ணும் வேண்டாம். அந்த ஆள் வந்து பார்க்கறவரைக்கும் ஒரு பிடி மண்ணு எடுக்க மாட்டேன்."

ஈரக் கையோடு அம்மா வாசலில் நின்றாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. எல்லாமும் கேட்டிருப்பாள் போலிருந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஒருத்தரைப் பறிகொடுத்தது போதலையா இந்த வீட்டுக்கு?" என்றாள். தன் தம்பியைப் பார்த்துச் சொன்னாள். மகளையும் பார்த்துச் சொன்னாள். பிறகு போனை எடுத்தாள்.

கொடிக்காரர் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடுகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் எடுத்து வந்து தெருநாய்க்குக் கொடுத்தாள். எதற்கு என்று நாய் கேட்கவில்லை.

வந்தவர் வண்டியிலிருந்து இறங்கும்போதே கோபமாக இருந்தார். "கொடியைப் புடுங்கினது யாரு?"

"நான்தான் அண்ணா" என்றாள் கடுகு.

அவர் அவளை முறைத்தார். "நீயா? நேத்து அவ்வளவு கேள்வி கேட்டியே!" பிறகு அந்த நேரான வரிசையைப் பார்த்தார். "திரும்ப நட்டது யாரு?"

மாமா தன் செருப்பைப் பார்த்தார்.

"இவளாவது புடுங்கினா. கொடியைக் காணோம்னா ஆளுங்க பயந்துக்கிட்டாவது இருப்பாங்க. நீங்க பொய்க்கொடி நட்டிருக்கீங்க! அதை நம்பித்தானே இந்த அம்மா கடப்பாரையைத் தூக்கினாங்க?"

"மெயினை அணைச்சுட்டா..."

"உங்க மெயின் வீட்டுக்குள்ள இருக்கு. இது தெருவுல இருந்து மீட்டருக்கு வர்ற வயர். நீங்க எதை அணைச்சாலும் இதுல கரண்ட் இருக்கும்."

அவர் கருவியை எடுத்துக்கொண்டு நடந்தார். பாதி வழிவரை அது கத்தியது, அதற்குப் பிறகு மாமாவின் கொடிகளுக்கு மேலே சும்மா இருந்தது. அவர் இடது பக்கம் திரும்பினார். மீசைக்கால் இருந்த குழிக்குப் பக்கத்தில் வந்ததும் 'கீய்ய்ய்' என்று அலறியது.

அவரே மண்டியிட்டு, கைக்கரண்டியால் குழியின் அடியைச் சுரண்டினார். குழம்பின் அடி கலங்காமல் அள்ளுவதுபோல் மெல்ல, மெல்ல. ஒரு சாண் ஆழம்கூடப் போகவில்லை. மண்ணுக்குள் கறுப்பாக, கைத்தடிப் பருமனில், வயர் படுத்திருந்தது.

"ஒரு குத்து" என்றார் குழிக்காரம்மா. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

மாமா வாசல்படியில் போய் உட்கார்ந்தார். இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"தப்புதாம்மா" என்றார் குழிக்காரம்மாவிடம். "பெரிய தப்பு."

குழிக்காரம்மா, "தண்ணி குடிங்க சார், மூஞ்சி வெளுத்துக் கிடக்கு" என்று மட்டும் சொன்னார்.

கடுகு குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக ஒன்று உறைத்தது.

"அப்பாவும் இங்கதானே தோண்டினாரு? அவரு யாரையாவது கேட்டாரா?"

கொடிக்காரர் குழியையும் வயரையும் பார்த்தார். "கேட்டிருந்தா இந்த இடத்துல கடப்பாரையை இறக்கவே விட்டிருக்க மாட்டோம். ஒன்றரை அடியோட நிறுத்திட்டாரே, அது அவர் அதிர்ஷ்டம்."

கடுகுக்குக் காது சிவந்தது. மூக்கு சிவந்தது. "அப்பாவுக்கு அறிவே இல்ல!" என்று கத்தினாள். "கேக்காம எப்படித் தோண்டலாம்? ஏதாவது ஆகியிருந்தா? அன்னைக்கு நானும் பக்கத்துலதான் நின்னேன்! அறிவே இல்ல அவருக்கு!"

எட்டு மாதமாக எல்லார் மேலும் கோபப்பட்டிருக்கிறாள். அப்பாவைத் திட்டியது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கடுகு நினைத்தாள். இல்லை, சிரிக்கிறாள்.

"உங்கப்பா எதை யாரைக் கேட்டுச் செஞ்சாரு?" என்றாள் அம்மா. "மிக்ஸியைக் கழட்டறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டாரா? சீலிங் ஃபேனுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி கேட்டாரா? கல்யாணத்துக்காவது கேட்டாரேன்னு சந்தோஷப்படணும்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கடுகுக்கும் சிரிப்பு வந்தது. மூக்கு சிவந்தபடியே சிரிக்க முடியும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

கொடிகள் மறுபடி நடப்பட்டன. அந்தக் குழியை மூடிவிட்டு, கொடிக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்றடி தள்ளிப் புதுக் கால் நடலாம் என்று கொடிக்காரர் இடம் காட்டினார்.

"அப்ப நடுவுல பெரிய சந்து விழுமே" என்றார் மாமா. "உருண்டை உருண்டு போயிடுவானே?"

கடுகு பழைய குவியலுக்குப் போனாள். மீசைக்காலை இழுத்து வந்தாள். அடிப்பக்கம் உளுத்து உதிர்ந்தது. மேல்பக்கம் தட்டினால் 'டொக்' என்று கெட்டியாகக் கேட்டது.

"மாமா, மக்கினதை அறுத்துப் போட்டுட்டு, இதைக் குறுக்கால அடிச்சா? கீழ ஒரு பலகை, நடுவுல இது. சிவப்புப் பெயிண்ட் அடிச்சு, 'இங்கே தோண்டாதே'ன்னு எழுதிடலாம். கொடியைப் புடுங்கலாம். இதை யாராலயும் புடுங்க முடியாது."

மாமா அளவு பார்த்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். "கச்சிதமா இருக்கே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஆணிங்களைப் புடுங்கணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்."

"வேண்டாம், வேண்டாம். அழகா இருக்கு" என்றார் மாமா அவசரமாக.

சாயங்காலம் வேலி நின்றது. குழிக்காரம்மா ஒவ்வொரு காலையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. உருண்டை சந்து சந்தாகத் தலையை விட்டுப் பார்த்து, எங்கும் நுழைய முடியாமல் கோபத்தில் தரையில் உட்கார்ந்து கத்தினான்.

"அக்காவைப் போலத் தம்பி" என்றார் குழிக்காரம்மா. பிறகு மாமாவிடமிருந்து சுத்தியலை வாங்கி, கடுகின் கையில் கொடுத்தார். "கடைசி ஆணி நீ அடி பாப்பா."

கடுகு நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து, ஓங்கி அடித்தாள்.

பன்னிரண்டாவது ஆணியும் வளைந்து படுத்துக்கொண்டது.